வீரசோழனை எந்த அலமாரியில் தேடுவது?

வீரசோழன் என்ற ஊரைப் பற்றி ஒரு மாணவர் ப்ராஜெக்ட் எழுதப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டை தாண்டி, திருச்சுழி, நரிக்குடி பக்கம் இருக்கிற ஊர். வானம் பார்த்த பூமி, கண்மாய்ப் பாசனம், மீதி இடத்தில் சீமைக்கருவேலம். தலைப்பு 'வீரசோழன் கண்மாயின் வரவு செலவு'. காமர்ஸ் மாணவருக்குப் பொருத்தமான தலைப்புதான்.

பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகிறார். கணினியில் 'வீரசோழன்' என்று தட்டுகிறார். வருகிற வாய்ப்பு உள்ளது எது? வீரசோழியம். அது 11-ம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் எழுதிய இலக்கண நூல். அடுத்து வீரசோழன் ஆறு. அது மயிலாடுதுறைப் பக்கம் ஓடுகிற காவிரியின் கிளை. இரண்டுக்கும் நரிக்குடிக்கும் சம்பந்தமே இல்லை! பத்து நிமிஷத்தில் மாணவர் எழுந்துவிடுவார். 'லைப்ரரியில ஒண்ணுமே இல்ல' என்று கேன்டீனில் சொல்வார்.

உண்மையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் இல்லை. இந்தச் சிக்கலைப் பற்றி நூறு வருடத்துக்கு முன்பே மண்டையை உடைத்துக்கொண்டவர் ஒருவர் சென்னையில் இருந்தார். பொது அறிவுத் தேர்வில் ஒரு மார்க் கேள்வியாக வந்துபோகும் பெயர்: எஸ்.ஆர்.ரங்கநாதன்.

சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். படித்தது கணிதம், வேலையும் கணித ஆசிரியர் வேலைதான். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக நியமித்தது. அவருக்கு அந்த வேலை சுத்தமாகப் பிடிக்கவில்லை. வகுப்பறையில் பேசிப் பழகிய மனிதருக்கு, ஆளில்லாத அறையில் உட்கார்ந்திருப்பது தண்டனை மாதிரி இருந்திருக்கிறது. சேர்ந்த சில நாட்களிலேயே பழைய கல்லூரிக்குப் போய் 'என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நின்றுவிட்டார். இங்கிலாந்து போய் நூலகப் பயிற்சி எடுத்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

அதே வருடம் கப்பல் ஏறினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் படித்தார். ஏராளமான நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே டியூயி என்ற அமெரிக்கர் 1876-ல் வெளியிட்ட தசம வகைப்பாடு செல்வாக்கோடு இருந்தது. நம் கல்லூரி நூலகங்களிலும் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் 657 (கணக்கியல்), 658 (மேலாண்மை) எல்லாம் அந்த முறைதான். டியூயி முறை தபால் நிலையத்துப் பிரிப்புப் பெட்டி மாதிரி. அறைகள் முன்பே செய்யப்பட்டவை. வருகிற புத்தகம் ஏதாவது ஒரு அறைக்குள் போக வேண்டும். இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பேசும் புத்தகம் வந்தால் திண்டாட்டம்.

ரங்கநாதனுக்குப் பதில் கிடைத்த இடம் ஒரு கடை. செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மை செட்டைப் பார்த்தார். சில தகடுகள், ஆணிகள், சக்கரங்கள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு தடவை கிரேன், ஒரு தடவை வண்டி. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று தோன்றியது. 1925-ல் ஊர் திரும்பும் கப்பலிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார். 1933-ல் கோலன் வகைப்பாடு புத்தகமாக வந்தது. துண்டுகளை இணைக்க அவர் போட்ட முக்காற்புள்ளிதான் அந்தப் பெயருக்குக் காரணம்.

பின்னாளில் அந்தத் துண்டுகளை ஐந்து வகையாக அவர் ஒழுங்குபடுத்தினார். எதைப் பற்றி, என்ன பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். நூலகவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடும் இந்த ஐந்தும் தேடுகிறவனுக்குத்தான் அதிகம் பயன்படும் என்பது பலருக்குத் தெரியாது.

சரி, வீரசோழனுக்கு வருவோம். மாணவரின் தலைப்பைப் பிரித்துப் பார்த்தால்: எதைப் பற்றி? கண்மாய். செயல்? பராமரிப்பு, வரவு செலவு. இடம்? இங்கேதான் சரித்திரம் குறுக்கே வருகிறது.

இன்றைக்கு வீரசோழன் இருப்பது விருதுநகர் மாவட்டம். அந்த மாவட்டமே 1985-ல் பிறந்ததுதான், அதுவும் காமராஜர் மாவட்டம் என்ற பெயரில். அதற்கு முன் ராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டமும் 1910-ல்தான் உண்டானது. அதற்கும் முன்னால் மதுரை மாவட்டம். ஆக, ஊர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அதன் முகவரி மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. விருதுநகர் என்று தேடினால் கடந்த நாற்பது வருட விஷயம்தான் கிடைக்கும். 1972-ல் அரசு வெளியிட்ட ராமநாதபுரம் கெசட்டியர், 1906-ல் பிரான்சிஸ் எழுதிய மதுரை கெசட்டியர், 1868-ல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டு மேனுவல் ஆகிய மூன்றும் அந்த வலையில் விழாது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டையும் ராமநாதபுரம் பெயரில்தான் தேட வேண்டும்.

ஊர்ப் பெயரின் எழுத்து வேறு. திருச்சுழியை தேவாரம் திருச்சுழியல் என்கிறது. ஆங்கிலத்தில் அதன் 'ழி'யை ஒருவர் 'எல்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'இசட் எச்' போட்டு எழுதுவார். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஊர்!

இப்போது காலம். இதுதான் மிக முக்கியம். திருச்சுழி பகுதி ராமநாதபுரம் ஜமீனில் இருந்தது. 1803-ல் அந்த ஜமீனுக்கு நிரந்தரத் தீர்வை முடிவானது. ஜமீன் வருடா வருடம் ஒரு தொகையை பேஷ்குஷ் என்று கம்பெனிக்குக் கட்டிவிட வேண்டும், ஊர்களில் வசூலிப்பது ஜமீனின் பாடு. ரயத்துவாரி ஊர்களில் அரசாங்கமே வயல் வயலாக அளந்து பதிவு வைத்தது. ஜமீன் ஊர்களில் அந்த அவசியம் அரசுக்கு இல்லை. 1948-ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் இந்த ஊர்கள் அரசின் கணக்குக்குள் முழுசாக வந்தன. எனவே 1948-க்கு முன்னால் ஒரு கண்மாய்க்கு எவ்வளவு செலவானது என்பதை கலெக்டர் ஆபீஸ் கணக்கில் மட்டும் தேடுவது, பார்ட்னர் வைத்திருக்கும் லெட்ஜரை விட்டுவிட்டு பேங்க் பாஸ்புக்கை மட்டும் ஆடிட் செய்வது போல. ஜமீன் சம்பந்தப்பட்ட ஆவணங்கள், வழக்குகள் என்று வேறு பக்கம் திரும்ப வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகம் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

ஊரைப் பற்றி நூலகத்தில் குறைவாக இருப்பதற்கே இப்படி ஒரு சரித்திரக் காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வதே பாதி ப்ராஜெக்ட்!

இதை எல்லாம் ஒரு மாணவர் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டுமா? ரங்கநாதன் வேண்டாம் என்றார். அவர் 1934-ல் எழுதிய பட்டியல் விதிகளில் ஒரு புத்தகத்துக்கு ஒரு பதிவு போதாது. முதன்மைப் பதிவு, துணைப் பதிவு, உள்ளே ஓர் அத்தியாயத்தில் வேறு விஷயம் இருந்தால் அதற்கும் தனியாகக் குறிப்பு. காமர்ஸ் மாணவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே வவுச்சர், பல லெட்ஜரில் போஸ்டிங். நெல்சன் புத்தகத்தில் கண்மாய் பற்றி வருகிற பக்கங்கள் 'கண்மாய்' என்ற தலைப்பிலும் அகப்பட வேண்டும் என்பது அவர் கட்சி. 1931-ல் வெளியான ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதைப் பற்றியதுதான்.

எத்தனை நூலகங்களில் இன்று அந்த உழைப்பு நடக்கிறது? கணினி வந்த பிறகு தலைப்பு, ஆசிரியர், விலை மட்டும் ஏற்றிவிட்டு 'ஆட்டோமேஷன் முடிந்தது' என்கிற இடங்கள் உண்டு. பழைய கார்டு டிராயரில் இருந்த குறுக்குக் குறிப்புகளை யாரும் கணினிக்குள் கொண்டுவரவில்லை என்றால் அது முன்னேற்றமா என்று யோசிக்க வேண்டும்.

பட்டியல் கைவிட்டால் ஆள் இருக்கிறார். நூலகர் வாசகரோடு உட்கார்ந்து கேள்வியைத் தெளிவாக்குவதுதான் நூலகத்தின் உயிர் என்று ரங்கநாதன் நம்பினார். 1940-ல் அதற்கென்றே பெரிய புத்தகம் எழுதினார். மேசையில் போய் 'வீரசோழன் பத்தி புக் இருக்கா சார்?' என்றால் 'இல்லப்பா' என்றுதான் பதில் வரும். '1948-க்கு முன்னாடி ராமநாதபுரம் ஜமீன்ல திருச்சுழி பக்கத்துக் கண்மாய்களை யார் பராமரிச்சாங்க, எதுல பாக்கலாம்?' என்று கேட்டால் அவர் எழுந்து அலமாரிப் பக்கம் நடப்பார்.

ஊரிலிருந்தே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. பழைய கெசட்டியர்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று 2009-ல் யுஜிசி விதி செய்தது. அவை ஷோத்கங்கா தளத்தில் இலவசம். அங்கேயும் ஊர்ப் பெயரைப் போடாமல் 'ராமநாதபுரம் கண்மாய்ப் பாசனம்' என்று ஆரம்பிப்பது நல்லது. ஒரு நல்ல ஆய்வேடு கிடைத்தால் அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கும் நூற்பட்டியலே அடுத்த ஒரு மாதத்துக்கு வேலை கொடுக்கும்.

எம்.பில். ஆய்வேடுகள்தான் பரிதாபம். ஒரு ஊர், ஒரு சந்தை, ஒரு கண்மாய் என்று சின்ன விஷயங்களை எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் அவைதான். அவற்றில் பல எந்த இணையதளத்திலும் ஏறவில்லை. 2022-ல் எம்.பில். படிப்பையே யுஜிசி நிறுத்திவிட்டது. ஏற்கனவே எழுதப்பட்டவை துறை நூலகங்களின் அலமாரிகளில் கறுப்பு பைண்டிங்கோடு அடுக்கியிருக்கின்றன. அவற்றை நேரில் போய், ஒவ்வொன்றாக எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.