பிள்ளைக்கு வரிச்சலுகை: யாருக்கு, எவ்வளவு?

ஆண்டுதோறும் ஏப்ரல் 18ஆம் தேதி நெருங்க நெருங்க, வரிப் படிவத்தின் முன் உட்காரும் சிங்கப்பூர்ப் பெற்றோரிடம் ஒரு கேள்வி எழும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கட்டிய பணத்தை வரியில் கழித்துக்கொள்ளலாமா? காலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பராமரிப்பு நிலையத்தில் குழந்தையை விட்டுவிட்டு எம்ஆர்டிக்கு ஓடும் தாய் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிள்ளையை விட இடம் இருந்தால்தானே வேலைக்குப் போக முடியும்?

பராமரிப்பு நிலையக் கட்டணத்தை வரியில் கழிக்க முடியாது என்பதே பதில். அந்தச் செலவுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை நேரே நிலையத்துக்குப் போய், பெற்றோரின் பில்லைக் குறைக்கிறது. வரிச்சலுகை வேறு கணக்கு. அது எவ்வளவு கட்டணம் கட்டினீர்கள் என்று பார்ப்பதில்லை. எத்தனை பிள்ளைகள், தாய் வேலை செய்கிறாரா என்றுதான் பார்க்கிறது. ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

கழிவு வேறு, தள்ளுபடி வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்வோம். கழிவு என்பது வருமானத்திலிருந்து கழிக்கப்படுவது. மிச்ச வருமானத்துக்கு மட்டும் வரி. தள்ளுபடி என்பது கட்ட வேண்டிய வரியிலிருந்தே குறைக்கப்படுவது. ஆயிரம் வெள்ளி தள்ளுபடி என்றால், கட்ட வேண்டிய வரி இருக்கும்வரை எல்லாருக்கும் அது ஆயிரம் வெள்ளிதான். ஆயிரம் வெள்ளி கழிவோ, குறைந்த வரி விகிதத்தில் இருப்பவருக்குச் சில பத்து வெள்ளிதான் மிச்சப்படுத்தும். அதிக விகிதத்தில் இருப்பவருக்கு நூறு வெள்ளிக்கு மேல் மிச்சமாகும்.

‘இரண்டு போதும்’ காலம்

சிங்கப்பூரில் வருமான வரி 1948ல் நடப்புக்கு வந்தது. கால் நூற்றாண்டு கழித்து, பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் கருவியாகவும் அது பயன்பட்டது. ‘இரண்டு போதும்’ என்ற பிரசாரம் 1972ல் தொடங்கியது. 1973 ஆகஸ்ட்டில் பிள்ளைகளுக்கான வரிக்கழிவு முதல் மூவருக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. அதற்கு மேல் பெற்றால் சலுகை இல்லை.

பத்தே ஆண்டில் கவலை திசை மாறியது. படித்த பெண்கள் திருமணத்தையும் பிள்ளைப்பேற்றையும் தள்ளிப்போடுகிறார்கள் என்று 1983 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ குவான் இயூ பேசினார். நாடே அதை விவாதித்தது. மறு ஆண்டு, பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் வந்தது. படிக்காத தாயின் பிள்ளை மட்டும் மட்டமா என்று பலர் வருத்தப்பட்டார்கள். 1985ல் பள்ளி முன்னுரிமை கைவிடப்பட்டது. ஆனால் கல்வித் தகுதி உள்ள, வேலை செய்யும் தாய்மாருக்கான கூடுதல் வரிக்கழிவு தொடர்ந்தது.

1986ல் பிறப்பு விகிதம் 1.43க்கு இறங்கியது. மறு ஆண்டு மார்ச்சில் கோ சோக் டோங் புதிய கொள்கையை அறிவித்தார். வசதி இருந்தால் மூன்று அல்லது அதற்கு மேலும் பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். மூன்றாவது பிள்ளைக்கு 20,000 வெள்ளி வரித் தள்ளுபடி கிடைத்தது. பராமரிப்பு நிலையக் கட்டணத்துக்கு மாதம் 100 வெள்ளி உதவித்தொகையும் அப்போது வந்தது. வரிக்கு ஒரு வழி, கட்டணத்துக்கு ஒரு வழி என்ற இன்றைய அமைப்பை அப்போதே காணலாம்.

தாயின் சம்பளத்தில் விழுக்காடு

2004ல் இன்னொரு மாற்றம். தாயின் கல்வித் தகுதி என்ற நிபந்தனை நீங்கி, பணிபுரியும் தாய்மாருக்கான வரிக்கழிவு வந்தது. பேரப்பிள்ளைகளைப் பாட்டி தாத்தா பார்த்துக்கொண்டால், வேலை செய்யும் தாய்க்கு 3,000 வெள்ளி கழிவும் வந்தது. பாட்டி கையில் வளரும் பிள்ளைகள் நிறைந்த நம் குடும்பங்களுக்கு இது நன்றாகவே புரியும்.

தாய்மாருக்கான அந்தக் கழிவு 2008ல் உயர்ந்தது. முதல் பிள்ளைக்குத் தாயின் வருமானத்தில் 15 விழுக்காடு, இரண்டாவதுக்கு 20, மூன்றாவதிலிருந்து 25. கேட்பதற்கு எல்லாருக்கும் சமமாகத்தான் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டுக்கு 40,000 வெள்ளி சம்பாதிக்கும் தாய்க்கு முதல் பிள்ளைக்கான கழிவு 6,000 வெள்ளி. 120,000 வெள்ளி சம்பாதிப்பவருக்கு 18,000. வேறு கழிவுகளைச் சேர்க்காவிட்டால், முன்னவரின் மேல்படி வரி விகிதம் 3.5 விழுக்காடு, பின்னவருக்கு 11.5 விழுக்காடு. ஆக, முன்னவருக்கு மிச்சம் 210 வெள்ளி. பின்னவருக்கு 2,070 வெள்ளி. சம்பளம் மூன்று மடங்கு, சலுகையோ கிட்டத்தட்ட பத்து மடங்கு!

இதை மாற்றியது 2023 வரவுசெலவுத் திட்டம். 2024 ஜனவரி 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு விழுக்காட்டுக் கணக்கு இல்லை. முதல் பிள்ளைக்கு 8,000 வெள்ளி, இரண்டாவதுக்கு 10,000, மூன்றாவதிலிருந்து 12,000 என்று நிலையான தொகை. அதே இரு தாய்மாருக்கும் இப்போது மிச்சம் முறையே 280 வெள்ளி, 920 வெள்ளி. இடைவெளி மறையவில்லை, ஆனால் நன்றாகச் சுருங்கியிருக்கிறது. பணிப்பெண் தீர்வைக்கான வரிக்கழிவும் 2025 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் நீங்கியது. 2024க்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குப் பழைய விழுக்காட்டு முறையே தொடர்கிறது. படிவத்தைப் பார்க்கும்போது பிள்ளையின் பிறந்த தேதியையும் கவனியுங்கள்.

இன்னும் வெளியே நிற்பவர்

வரி விதிக்கத்தக்க வருமானம் 20,000 வெள்ளியைத் தாண்டாத தாய்க்கு வரியே இல்லை. ஆகவே கழிவால் அவருக்கு ஒரு காசும் மிச்சமில்லை. வீடு கூட்டி, அலுவலகம் துடைத்துப் பிள்ளை வளர்க்கும் அந்தத் தாய்க்குக் கைகொடுப்பது பராமரிப்பு நிலைய உதவித்தொகைதான். கூடுதல் உதவித்தொகை பெறுவதற்கான குடும்ப வருமான வரம்பு 2020ல் 7,500 வெள்ளியிலிருந்து 12,000 வெள்ளிக்கு உயர்ந்தது. குறைந்த வருமானக் குடும்பத்துக்கே அதிகத் தொகை போகும்படி அது அமைந்திருக்கிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பணிபுரியும் தாய்மாருக்கான கழிவை, மனைவியை இழந்து தனியாகப் பிள்ளை வளர்க்கும் தந்தை கேட்க முடியாது. பிள்ளை வளர்ப்பு தாயின் பொறுப்பு என்ற பழைய எண்ணம் அந்த விதியில் இன்னும் இருக்கிறது.

1973ல் நான்காவது பிள்ளைக்குச் சலுகையை மறுத்த நாட்டில், 2023ல் பிறப்பு விகிதம் முதன்முறையாக 1க்குக் கீழ் இறங்கி 0.97 ஆனது. வரிச்சலுகைக்காக யாரும் பிள்ளை பெறுவதில்லை. ஆனால் எந்தத் தாயின் பாரத்தை நாடு தன் பாரமாக எண்ணுகிறது என்பதை ஒவ்வொரு காலத்து வரி விதியும் சொல்லியிருக்கிறது. படித்த தாய், அதிகம் சம்பாதிக்கும் தாய் என்று போன கணக்கு, இப்போதுதான் எல்லாத் தாய்மாரையும் நோக்கித் திரும்பியிருக்கிறது. இனி அது தந்தையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.