நெட்டி என்று அழைத்த குரல்

மைன்ஸ் நகரின் யூதக் கலைப்பொருள் வணிகர் ஒருவரின் ஒரே மகளாக 1900-இல் பிறந்தவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நெட்டி ரைலிங். ரெம்பிராண்டின் படைப்புகளில் யூதர்கள் இடம்பெறும் விதத்தை ஆராய்ந்து, 1924-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். புனைவெழுதத் தொடங்கியபோது, டச்சு ஓவியர் ஹெர்குலஸ் சேகர்ஸின் பெயரைத் தமதாக்கிக்கொண்டார். 1928-இல் முதல் நூல் 'சேகர்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லோடு வெளியாக, ஆசிரியர் ஆண் என்றே விமர்சகர் சிலர் எண்ணினர். பின்னர் உலகம் அவரை அன்னா சேகர்ஸ் என்று அறிந்தது.

யூதர், பொதுவுடைமைக் கட்சியினர் என இரு காரணங்களும் அவருக்கு எதிராக நின்றன. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பாரிசுக்குத் தப்பினார். 1940-இல் ஜெர்மானியப் படை அங்கும் வந்தது. கணவர் லெ வெர்னே முகாமில் அடைபட்டிருக்க, இரு குழந்தைகளுடன் தெற்கே சென்றார். நுழைவு அனுமதி, கடப்பு அனுமதி, வெளியேறும் அனுமதி, கப்பல் சீட்டு என ஒன்று கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகும் மர்சேய் நகர வாழ்வே பின்னர் 'டிரான்சிட்' நாவலாயிற்று. 1941 மார்ச்சில் குடும்பத்தோடு கப்பலேறி மெக்சிகோ சேர்ந்தார்.

முகாமிலிருந்து தப்பும் எழுவரில் ஒருவன் மட்டும் பிழைக்கும் 'ஏழாவது சிலுவை' 1942-இல் வெளியாகி, அவருக்கு உலகப் புகழ் தந்தது. 1944-இல் ஹாலிவுட் அதைத் திரைப்படமாக்கியது. ஆனால் அதே 1942-இன் மார்ச் மாதத்தில், மைன்ஸில் இருந்த தாய் ஹெட்விக், ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தின் பியாஸ்கிக்கு நாடுகடத்தப்பட்டார். அவர் திரும்பவில்லை.

1943-இல் மெக்சிகோ நகரில் வாகனம் மோதிப் படுகாயமுற்ற சேகர்ஸ் சிறிது காலம் நினைவிழந்திருந்தார். தேறிய பின் எழுதிய கதை 'இறந்த சிறுமியரின் உல்லாசப் பயணம்'. அயல்நாட்டு வெயிலில் களைத்த ஒருத்தியை, மறைந்துபோன பள்ளித்தோழியர் நெட்டி என்று பழைய பெயர் சொல்லி அழைக்கின்றனர். ரைன் நதிக்கரை உலா முடிந்து அவள் வீடு திரும்புகிறாள்; மாடத்தில் தாய் காத்து நிற்கிறாள்; படியேறி அவளை அடைய மட்டும் மகளால் முடியவில்லை.

அந்த உலாவைக் குறித்துக் கட்டுரை எழுதுமாறு கதையில் ஆசிரியை நெட்டியிடம் பணித்திருந்தார். தோழியர் ஒவ்வொருவருக்கும் பின்னாளில் நேர்ந்ததைச் சொல்லிச் செல்லும் அக்கதையே அந்த வீட்டுப்பாடம். 1947-இல் அவர் ஜெர்மனிக்குத் திரும்பியபோது, நெட்டி என்று அழைக்கத் தாய் அங்கு இல்லை.