ஒத்திகையில் இறந்தவர்கள்

பிரிட்டனின் முதல் ஜெட் போர்விமானம் க்ளாஸ்டர் மீட்டியர். 1943 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தது. 1944 ஜூலையில் படையில் சேர்ந்து, லண்டனை நோக்கி வந்த வி-1 பறக்கும் குண்டுகளைத் துரத்தியது. ஆனால் அது தன் சொந்த விமானிகளை அதிகமாகக் கொன்றது போர் முடிந்த பிறகுதான். பிரிட்டிஷ் விமானப்படை மட்டுமே சுமார் 890 மீட்டியர்களை இழந்தது. ஏறத்தாழ 450 விமானிகள் இறந்தார்கள். படைக்குள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'மீட்பாக்ஸ்'. கறிப்பெட்டி.

இவ்வளவு பேர் என்றதும், ஜெட் எஞ்சின் புதுசு, நடுவானில் நின்றிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நின்றதும் உண்டு. ஆனால் எஞ்சின் தானாக நின்று இறந்தவர்களைவிட, நின்றால் என்ன செய்வது என்று பழகும்போது இறந்தவர்கள் அதிகம் என்கிறார்கள் மீட்டியரின் வரலாற்றை எழுதியவர்கள். இந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது.

மீட்டியருக்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள், உடலை விட்டுத் தள்ளித் தள்ளி. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்றது இழுக்க இழுக்க வண்டி படுத்த மாட்டின் பக்கமே சுழலும் இல்லையா, அதேதான். விமானி எதிர்ப்பக்க மிதியைக் காலால் அழுத்தி, வாலிலிருக்கும் சுக்கானைத் திருப்பி மூக்கை நேராக வைக்க வேண்டும். கால் நடுங்கும் அளவுக்குப் பலம் வேண்டும். அப்புறம் இன்னொரு சிக்கல். சுக்கானுக்கு வலு கொடுப்பது அதன்மேல் மோதும் காற்று. வேகம் குறையக் குறைய சுக்கான் சோர்ந்துபோகும். ஒரு கட்டத்துக்குக் கீழே எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை.

தரையிறங்கும்போது வேகம் குறைந்துதான் ஆக வேண்டும். ஓடுபாதைக்கு முன்னாலேயே விமானம் தாழ்ந்துவிட்டால், இருபது வயதுப் பையனின் கை தானாக த்ராட்டிலை முன்னால் தள்ளும். ஓடும் ஒரே எஞ்சின் முழு பலத்தோடு உந்தும், சுக்கானால் தாங்க முடியாது, விமானம் தலைகீழாகப் புரளும். தப்பிக்க வழி, த்ராட்டிலைக் குறைப்பது. அதாவது இன்னும் கீழே இறங்குவது. சில நூறு அடி உயரத்தில் அதற்கு ஏது இடம்?

1948-ல் முதலில் பறந்த டி-7 என்ற இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம் வரும்வரை, கையேட்டைப் படித்துவிட்டுத் தனியாகவே ஏறினார்கள். டி-7 வந்த பிறகு பின்னால் பயிற்சியாளர் உட்கார்ந்தார். விபத்து நடந்தால் இரண்டு பேர். 1950-ல் கொரியப் போர் தொடங்கியதும் படையைப் பெருக்கினார்கள். யார்க்‌ஷயரின் ட்ரிஃபீல்டு போன்ற பயிற்சி நிலையங்களில் இளைஞர்கள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். ஒற்றை எஞ்சின் பாடம் எல்லோருக்கும் கட்டாயம். சில சமயம் எஞ்சினை நிஜமாகவே அணைத்துவிட்டுப் பழகினார்கள்.

என் வேலையிலும் இப்படி ஒன்று உண்டு. ஒரு சர்வரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, மற்றது சுமையைத் தாங்குகிறதா என்று பார்ப்போம். அதற்கு முன் கேட்கிற முதல் கேள்வி: சோதனை தோற்றால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது? மீட்டியர் பையன்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இத்தனைக்கும், மனிதரை வைத்து மார்ட்டின்-பேக்கர் எஜெக்‌ஷன் சீட்டை முதன்முதலில் சோதித்தது ஒரு மீட்டியரில்தான், 1946 ஜூலை 24 அன்று. பெர்னார்ட் லிஞ்ச் என்பவர் அதிலிருந்து வெளியே வீசப்பட்டுப் பத்திரமாகத் தரைக்கு வந்தார். பின்னர் வந்த எஃப்-8 போர்விமானத்தில் அந்த இருக்கை இருந்தது. மாணவர்கள் ஏறிய டி-7-ல் இல்லை.

எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள்? இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுப் படைப்பிரிவு மட்டுமே 55,000-க்கும் மேற்பட்ட ஆட்களை இழந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த அதிகாரிகளுக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு சாவுகள் பெரிய எண்ணாகத் தோன்றியிருக்காது. தவிர, விபத்துகள் ஒவ்வொன்றாக நடந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி விசாரணை. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுமே விமானியின் பிழைதான்: வேகத்தைக் குறையவிட்டான், த்ராட்டிலைத் தள்ளினான். கோப்பு மூடப்படும். ஒரே பிழையைப் பல ஊர்களில், பல வருடங்களாக, ஒருவரையொருவர் அறியாத பையன்கள் செய்தால் அது யாருடைய பிழை? கோப்புகளை ஒன்றாக அடுக்கிப் பார்ப்பவருக்குத்தான் அந்தக் கேள்வியே எழும்.

1955-ல் ஹல்லாவிங்டனில் ஜெட் ப்ராவஸ்ட் என்ற புதிய பயிற்சி விமானத்தைச் சோதித்தார்கள். ஆரம்பப் பாடத்திலிருந்தே ஜெட். ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், ஒருவர் கையை இன்னொருவர் பார்க்கலாம். எஞ்சின் ஒன்றே ஒன்று, நடுவில். அது நின்றால் விமானம் ஒரு பக்கமாகப் புரளாது. நேராகச் சறுக்கி இறங்கும். பழைய பிழையைச் செய்ய அந்த விமானத்தில் வழியே இல்லை.