முறிந்த எலும்பும் துணி வியாபாரமும்



கட்டுகஸ்தோட்டையில் ஒரு பிள்ளைக்குக் கை முறிந்தால் நமக்கு இரண்டு வழி: கண்டி பெரியாஸ்பத்திரி பிளாஸ்டர், இல்லாவிட்டால் கெடும்-பிந்தும் வெதமாத்தயாவின் பத்து. எங்கே போனாலும், நோவு குறைந்ததும் "பொருந்திட்டுது, கழட்டுங்க" என்று அவசரப்படுவோம். உள்ளே நடப்பதை மனிதன் பார்க்கத் தொடங்கிய கதையில் துணி வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கடைக்காரர்கள் நிறைந்த நம் ஊருக்கு அது பிடிக்கும்.

ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹூக் ஒரு துணி வியாபாரி. நூலின் தரம் பார்க்க அந்தக்காலத் துணிக்காரர்கள் வில்லை வைத்திருந்தார்கள். இவர் அதைவிட நுண்ணிய வில்லைகளைத் தானே செய்து, 1670களில் எலும்பையும் பார்த்தார். கல் போன்ற எலும்புக்குள் மெல்லிய குழாய்கள்!

ஆனால் எது பழைய எலும்பு, எது புதிது? அதைச் சொன்னது சாயம். 1736இல் லண்டன் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோன் பெல்ச்சியர், துணியில் அச்சடிக்கும் ஒருவர் வீட்டு விருந்தில் பன்றியின் எலும்பு சிவந்திருக்கக் கண்டார் (நமக்கு ஆகாத விருந்துதான்). சாயப்பட்டறையில் மிஞ்சிய தவிட்டை அந்த மிருகம் தின்றிருந்தது. அதிலிருந்த சிவப்பு, நம் நாட்டு மருந்துக்கடைகளில் வெல்மதட்ட என்று விற்கும் மஞ்சிட்டியின் இனத்து வேர். பிறகு ஒரு சேவலுக்கு ஊட்டிப் பார்த்தார், அதுவும் சிவந்தது.

அந்த அச்சுத்துணியே நம் பக்கத்துச் சீத்தையைப் பார்த்துச் செய்ததுதான். 'காலிகோ' என்ற பெயர் கோழிக்கோட்டிலிருந்து போனது. சீத்தையின் சிவப்புக்கான சாயவேரை யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஒல்லாந்தர் தோண்டுவித்தார்கள்.

பிரான்சின் துஹாமெல் 1739 முதல் அந்தச் சிவப்பு வேரை மிருகங்களுக்குச் சில நாள் கொடுத்து, சில நாள் நிறுத்தினார். எலும்பை வெட்டினால் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்குகள்.

1957இல் வேரின் இடத்துக்கு மாத்திரை வந்தது. டெட்ராசைக்கிளின் புதிய எலும்பில் படிந்து, நுண்நோக்கியில் புறஊதா ஒளி பட்டால் மஞ்சளாக ஒளிரும். சில நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுத்தால் இரண்டு கோடுகள். நடுவிலுள்ள தூரம்தான் வளர்ச்சி. வளர்ந்தவரின் முதிர்ந்த எலும்பில் அது நாளுக்கு ஒரு மைக்ரோன்கூட வராது.

எலும்பின் நாரான கொலாஜன், மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1955இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே மூலம் காட்டினார்கள். இன்றைய இலத்திரன் நுண்நோக்கியில் அந்த நார்களையே பார்க்கலாம். முறிவில் முதலில் உருவாகும் எலும்பில் அவை சிக்குப்பட்ட நூல்கண்டு போலக் கிடக்கும். நமக்கு நோவு போய்விடும் நேரத்தில் உள்ளே இருப்பது இந்தச் சிக்குதான். உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ஒழுங்கான அடுக்குகளாக மாற்றி முடிக்க மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள்.