விதைச் சேமிப்புப் புரதங்கள்

விதைச் சேமிப்புப் புரதங்கள் என்பவை, விதை முதிரும்போது அதனுள் உருவாக்கப்பட்டு, முளைக்கும்வரை சேர்த்து வைக்கப்படும் புரதங்கள் ஆகும். வேர் ஊன்றி மண்ணிலிருந்து சத்துக்களைப் பெறும்வரை நாற்றுக்குத் தேவையான நைட்ரசனையும் கந்தகத்தையும் வழங்குவதே இவற்றின் முதன்மைப் பணியாகும். தானியங்களின் எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடும், பருப்பு வகைகளில் 20 முதல் 25 விழுக்காடும், சோயா அவரையில் சுமார் 40 விழுக்காடும் புரதம் ஆகும்.

வகைகள்

அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் பர் ஓஸ்போர்ன் (1859–1929) விதைப் புரதங்களை, அவை கரையும் நீர்மத்தைக் கொண்டு நான்காக வகைப்படுத்தினார்.

* அல்புமின்கள்: நீரில் கரைபவை.
* குளோபுலின்கள்: உப்புக் கரைசலில் கரைபவை. பருப்பு வகைகளில் மிகுதியாக உள்ளன.
* புரோலமின்கள்: நீர் கலந்த ஆல்ககாலில் கரைபவை. மக்காச்சோளத்தின் சீயின், கோதுமையின் கிளையடின் ஆகியன இவ்வகையின.
* குளூட்டெலின்கள்: நீர்த்த அமிலத்தில் அல்லது காரத்தில் கரைபவை. அரிசியின் முதன்மைப் புரதம் இவ்வகையைச் சேர்ந்தது.

உருவாக்கமும் சேமிப்பும்

இப்புரதங்கள் பருப்பு வகைகளில் வித்திலைகளிலும், தானியங்களில் பெரும்பாலும் கருவூண் என்னும் உணவுத்திசுவிலும் உருவாகின்றன. எண்டோபிளாச வலையின் மீதுள்ள ரைபோசோம்களில் அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. சங்கிலியின் முனையிலுள்ள வழிகாட்டிப் பகுதி அதனை வலையினுள் செலுத்தியபின் வெட்டி நீக்கப்படுகிறது. அங்கே சங்கிலி மடிந்து உரிய வடிவம் பெறுகிறது.

அடுத்த கட்டம் வகைக்கு வகை வேறுபடும். குளோபுலின்கள் பொதுவாகக் கோல்கி உறுப்பு வழியாகச் சேமிப்பு வாக்குவோல்களை அடைகின்றன. மக்காச்சோளத்தின் சீயின், எண்டோபிளாச வலையினுள்ளேயே திரண்டு புரத உருண்டைகளாகத் தங்கிவிடுகிறது. அரிசியில் இவ்விரு முறைகளும் காணப்படுகின்றன.

முளைத்தலின்போது

விதை நீரை உறிஞ்சியதும் புரதச் சிதைவு நொதிகள் செயற்படத் தொடங்குகின்றன. தானியங்களில், கருவிலிருந்து வரும் ஜிப்ரெல்லின் என்னும் வளரூக்கி, கருவூணைச் சூழ்ந்த அலுரோன் அடுக்கை இந்நொதிகளைச் சுரக்கத் தூண்டுகிறது. விடுவிக்கப்படும் அமினோ அமிலங்களைக் கொண்டு நாற்று தனக்கு வேண்டிய புதிய புரதங்களை ஆக்கிக்கொள்கிறது.

மனித உணவில்

நாற்று தனக்குத் தேவையான எல்லா அமினோ அமிலங்களையும் தானே ஆக்கவல்லது. மனிதருக்கு அத்திறன் இல்லை. எனவே நாற்றுக்குப் போதுமான சேமிப்பு, மனிதருக்குக் குறையுள்ள உணவாக அமையலாம். தானியப் புரதங்களில் லைசினும், பருப்புப் புரதங்களில் மெத்தியோனினும் குறைவு. சோற்றையும் பருப்பையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது.

சீயினில் லைசின், டிரிப்டோபன் ஆகிய இரண்டும் ஏறக்குறைய இல்லை. 1914 இல் ஓஸ்போர்னும் லஃபாயெட் மெண்டலும் சீயினை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த எலிகள் எடை இழந்தன. டிரிப்டோபன் சேர்த்தபோது எடை குறைவது நின்றது. லைசினும் சேர்த்தபோது அவை வளர்ந்தன.

1964 இல் எட்வின் மெர்ட்சும் அவரது குழுவினரும், ஒப்பேக்-2 என்னும் மரபணுத் திடீர் மாற்றம் கொண்ட மக்காச்சோளத்தில் சீயின் குறைந்து லைசின் ஏறத்தாழ இருமடங்காக இருப்பதை அறிவித்தனர். ஆயினும் அதன் மணிகள் மென்மையாக இருந்தன, விளைச்சலும் குறைவு. மெக்சிகோவில் உள்ள பன்னாட்டு மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையத்தில் சுரிந்தர் வாசலும் எவாஞ்செலினா வில்லேகாசும் பல ஆண்டுகள் உழைத்து, கடினமான மணிகளையுடைய உயர்தரப் புரத மக்காச்சோளத்தை உருவாக்கினர். இதற்காக இருவருக்கும் 2000 ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.