ஒரு சுயசரிதையில் விடுபட்ட பக்கம்

சுயசரிதைகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதியவர் பக்கம் பக்கமாகச் சொல்லுவதைச் சற்று வேகமாகப் படித்துவிடுவேன். இரண்டு வரியில் தாண்டிப் போகிற இடம் வந்தால் அங்கே நின்றுவிடுவேன். கதை எழுதுகிறவர்களின் தொழில் புத்தி அது.

கிறிஸ்தவப் பாடல்கள் எழுதிப் பெரும் புகழ் பெற்ற அமெரிக்கப் பெண்மணி ஃபானி கிராஸ்பி தம் வாழ்க்கையை இரண்டு தடவை புத்தகமாகச் சொல்லியிருக்கிறார். 1903ல் ஒன்று, 1906ல் ஒன்று. இரண்டும் எண்பது வயதுக்கு மேல் வந்தவை. நம் தமிழ்த் திருச்சபைகளிலும் அவருடைய பாடல்கள் மொழிபெயர்ப்பில் பாடப்படுகின்றன. பாடுகிறவர்களில் பலருக்கு எழுதியவர் பெயர் தெரியாது. அவர் கண் தெரியாதவர் என்பதும் தெரியாது.

நியூயார்க் மாகாணத்தில் பட்னம் என்ற மலைப்பாங்கான ஜில்லா. அங்கே ஓர் எளிய குடும்பத்தில் 1820ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி பிறந்தார். ஆறு வாரக் குழந்தையாக இருந்தபோது கண் சிவந்து வீங்கியது. வழக்கமான வைத்தியர் ஊரில் இல்லை. வைத்தியம் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவன் கண்ணில் சூடான பற்றுப் போட்டான். குழந்தைக்குப் பார்வை போயிற்று என்று வீட்டார் நம்பினார்கள். ஆள் ஊரைவிட்டே போய்விட்டான். பிறவியிலேயே கோளாறு இருந்திருக்கலாம், பற்று ஒரு சாக்குத்தான் என்று நம் காலத்து வைத்தியர்கள் சிலர் சொல்லுகிறார்கள். எப்படியானால் என்ன? அந்தக் குடும்பம் நம்பிய கதை அதுதான். அந்தப் பெண் மன்னிக்க வேண்டியிருந்த கதையும் அதுதான்.

அதே வருஷம் தகப்பனார் இறந்துபோனார். தாய் மெர்சிக்கு இருபத்தொரு வயது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் பிறர் வீட்டில் வேலைக்குப் போனாள். குழந்தை பாட்டியின் மடிக்கு வந்தது.

இந்தப் பாட்டி யூனிஸைப் பற்றி எழுதும்போது மட்டும் கிழவியின் குரல் குழந்தையின் குரலாகிவிடுகிறது. பேத்திக்குக் கண் இல்லையே என்று பாட்டி அழுதுகொண்டிருக்கவில்லை. சூரியன் மறைகிற நிறங்களைச் சொல்லிக்கொடுத்தாள். இலையைக் கையில் கொடுத்து மரத்தின் பெயரைக் கேட்டாள். குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் காணப் பழக்கினாள். பைபிளை வாசித்துக் காட்டினாள். பிற்காலத்தில் அம்மையார் பாட்டுகளில் வெளிச்சமும் நிறமும் தாராளமாக வரும். எங்கிருந்து வந்தது என்று வியக்கிறவர்கள் பாட்டியை மறந்துவிடுகிறார்கள்.

ஐந்து வயதில் அக்கம்பக்கத்தார் பணம் சேர்த்துக் கொடுக்க, தாய் குழந்தையை நியூயார்க்கில் வாலண்டைன் மாட் என்ற பேர்போன ரண வைத்தியரிடம் கொண்டு போனாள். அவர் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். திரும்பி வந்தது ஹட்சன் நதியில், படகில். அலைச் சத்தம் தனக்கு ஏதோ இசைபோலக் கேட்டது என்று எழுதியிருக்கிறார். அந்தப் படகில் பக்கத்திலே உட்கார்ந்திருந்த மெர்சிக்கு என்ன கேட்டது? அவள் புத்தகம் எழுதவில்லை.

ரிட்ஜ்ஃபீல்டு என்ற ஊரில் குடியிருந்தபோது, வீட்டுக்காரச் சீமாட்டி ஒருத்தி வாரத்துக்கு ஐந்து அதிகாரம் வீதம் வேதத்தை மனப்பாடம் செய்வித்தாள். பதினைந்து வயதுக்குள் நான்கு சுவிசேஷங்களும் மோசேயின் ஐந்து நூல்களும் இன்னும் பலவும் வாய்க்கு வந்துவிட்டன. 1835ல் நியூயார்க் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். மாணவியாகவும் ஆசிரியையாகவும் இருபத்து மூன்று வருஷம் அங்கே கழிந்தது.

அங்கே நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெண்ணுக்குப் புகழ் தலைக்கு ஏறிவிடும் என்று அஞ்சிய பள்ளித் தலைவர், சில மாதம் கவிதையே எழுதக்கூடாது என்று உத்தரவு போட்டார். அந்தச் சமயம் ஜார்ஜ் கூம் என்ற ஸ்காத்லாந்துக்காரர் வந்தார். மண்டையைத் தடவிப் பார்த்துக் குணம் சொல்லுகிறவர். இவர் தலையைத் தடவி, இது கவியின் தலை என்று தீர்ப்புச் சொன்னார். தடை நீங்கிற்று! மண்டை சாஸ்திரம் பொய் என்று இன்று யாவருக்கும் தெரியும். அது செய்த நன்மை இது ஒன்றாவது இருக்கட்டும்.

1849ல் நகரத்தில் காலரா பரவியபோது ஊரைவிட்டு ஓடாமல் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். பிறகு உடலும் மனமும் தளர்ந்தன. மறு வருஷம் நவம்பரில் ஒரு மெத்தடிஸ்டு ஆலயக் கூட்டத்தில் உள்ளம் திறந்தது என்கிறார். வேதத்தில் அவ்வளவு வாயில் இருந்தவருக்கு முப்பது வயதில்தான் அது நெஞ்சுக்கு இறங்கிற்று. பள்ளியில் அலுவல் பார்த்த பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் பின்னர் அவர் கவிதைகளை எழுதிக்கொடுத்து உதவினான். பெயர் குரோவர் கிளீவ்லண்டு. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி.

1858ல் கல்யாணம். கணவர் வான் ஆல்ஸ்டைனும் கண் தெரியாதவர். ஆர்கன் வாசிப்பதில் தேர்ந்தவர். மனைவி எழுத்துக்குத் தன் பெயர் வேண்டாம், பிறந்த வீட்டுப் பெயரே இருக்கட்டும் என்று அவரே சொன்னாராம். அந்தக் காலத்து ஆண்பிள்ளைக்கு அது பெரிய மனசு.

இனிமேல்தான் நான் நின்றுவிட்ட இடம். 1859ல் அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது. சிறிது காலத்திலேயே போய்விட்டது. பாட்டியின் மரங்களுக்கும் பறவைகளுக்கும் பக்கங்கள் ஒதுக்கிய அம்மையார், இதைப் பற்றி முதுமையில் தாயன்பு இன்னதென்று அறிந்தேன், தேவதூதர் எடுத்துக்கொண்டு போனார்கள் என்ற அளவில் சொன்னதோடு சரி. அது ஆணா பெண்ணா என்பதுகூடத் தெளிவாகச் சொல்லப்படவில்லை.

பற்றுப் போட்டவனைப் பற்றியோ அவர் தாராளமாகப் பேசுவார். அவனைச் சந்தித்தால் நன்றி சொல்வேன் என்பார். கண் திறக்கும்போது முதலில் பார்க்கப்போவது இரட்சகரின் முகத்தைத்தான், ஆகையால் பார்வை வேண்டாம் என்பார். அனுதாபம் காட்ட வந்த பாதிரிகளைத் திகைக்க வைத்த பதில் அது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண் தெரியாமை அவருக்கு வீட்டு வாசற்படி மாதிரி. தினம் மிதித்துப் பழகியது. அதன்மேல் நின்று பேச முடிந்தது. குழந்தையின் மரணம் அப்படிப்பட்டதல்ல. அங்கே நன்றி சொல்ல யாரும் இல்லை, மன்னிக்கவும் யாரும் இல்லை.

1868ல் டோன் என்ற இசையமைப்பாளர் ஒரு மெட்டோடு வந்தார். ரயிலுக்கு நாற்பது நிமிஷம்தான் இருக்கிறது, அதற்குள் பாட்டு வேண்டும் என்றார். அரை மணியில் முடித்துச் சொல்லிவிட்டார். இயேசுவின் கரங்களில் பத்திரமாக இளைப்பாறுகிற ஓர் ஆத்மாவைப் பற்றிய பாட்டு. குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு அது பெரிய ஆறுதலாயிற்று. ஒன்பது வருஷத்துக்கு முந்திய துக்கம்தான் அந்த அரை மணியில் வந்ததா? சரித்திரம் எழுதுகிறவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது. நான் நாவல் எழுதுகிறவள். மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டேன்.

எட்டாயிரத்துக்கு மேல் பாடல்கள். ஒரே பெயர் புத்தகமெங்கும் வந்தால் நன்றாயிராது என்று சுமார் இருநூறு புனைபெயர்கள். நம் பத்திரிகைகளுக்கும் இந்த வித்தை தெரியாததல்ல. பாட்டுக்கு ஒரு டாலர், இரண்டு டாலர்; உரிமை பதிப்பாளருக்கு. கிடைத்ததிலும் பெரும்பகுதியைத் தானம் செய்துவிட்டு எளிய வாடகை அறைகளில் இருந்தார். குடியில் விழுந்தவர்களுக்காக நடந்த சேவை விடுதிகளுக்கு ஓயாமல் போனார். அவருக்கு உதவியாக இருக்கட்டுமென்று கவிஞர் வில் கார்லட்டன் 1903ல் முதல் வரலாற்றை வெளியிட்டபோது, அம்மையாரை ஏழையென்று காட்டிவிட்டாரே என்று பதிப்பாளர்களுக்குக் கோபம் வந்தது. சந்தோஷமான கண் தெரியாத கிழவி அவர்களுக்கு வேண்டும். அவள் வாடகை கொடுக்கிற விவரம் வேண்டாம்.

கணவரும் அவரும் பிற்காலத்தில் பல வருஷம் தனித்தனியே வாழ்ந்தார்கள். சண்டை இல்லை. அவருக்கும் குறை உண்டு, எனக்கும் உண்டு என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். 1902ல் அவர் இறந்தார். தாய் மெர்சி தொண்ணூறு வயது தாண்டி 1890ல் இறந்திருந்தாள். கடைசிக் காலத்தில் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்து, 1915 பிப்ரவரி 12ல் ஃபானி கிராஸ்பி காலமானார். தொண்ணூற்றைந்துக்குச் சில வாரம் பாக்கி. பெரிய கல் வேண்டாமென்று சொல்லியிருந்ததால், ‘ஃபானி அத்தை’ என்று பொறித்த ஒரு சிறு கல் வைத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1955ல், பக்கத்திலே பெரிய கல் ஒன்றும் வைத்துவிட்டார்கள்.