ஒரு கைகுலுக்கலும் மூன்று கைகளும்

டிராக்டருக்கு குவிக் ஹிட்ச் வாங்கப் போனால் முதலில் பார்க்க வேண்டியது, வண்டி கேட்டகரி ஒன்றா இரண்டா என்பது. குவிக் ஹிட்ச் என்பது டிராக்டரின் பின்னால் மாட்டும் ஓர் இரும்புச் சட்டம். இது இருந்தால் கலப்பை மாற்ற ஒவ்வொரு முறையும் மூன்று இடத்தில் பின் செருகி மல்லுக்கட்ட வேண்டாம். ரிவர்ஸில் போய்த் தூக்கினால் மாட்டிக்கொள்ளும். வண்டி எந்த கம்பெனி என்பது அவ்வளவு முக்கியமில்லையாம். ஏன் என்று தேடப் போய் ஒரு வழக்கில் வந்து நின்றேன். காமர்ஸ் படிக்கிறவன் வேறெங்கே போய் நிற்பான் :)

1917-ல் வந்த ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர், கலப்பையை வண்டி போல இழுத்துக்கொண்டு போகும். கலப்பை பாறையில் சிக்கினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். பலர் அப்படிச் செத்தார்கள்.

வழி கண்டவர் ஹாரி ஃபெர்குசன். 1909-ல் அயர்லாந்தில் முதன்முதலாக விமானம் ஓட்டியவரும் இவர்தான். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை, தூக்க ஹைட்ராலிக். கலப்பை சிக்கினால் மேல்கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளி முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். கவிழ்க்கிற விசையே கவிழாமல் பிடித்துக்கொள்கிறது!

1938-ல் டியர்பார்னில் ஃபோர்டிடம் இதை ஓட்டிக் காட்டினார். ஃபோர்டு தயாரிப்பது, ஃபெர்குசன் விற்பது என்று பேச்சு. கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான். ஒரு துண்டுச்சீட்டு கூடக் கிடையாது. நம் 1872 ஒப்பந்தச் சட்டப்படியும் வாய்மொழி ஒப்பந்தம் செல்லும் என்றுதான் படிக்கிறோம். நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

1939-ல் வந்த 9என் டிராக்டர் நன்றாகவே விற்றது. பிறகு ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்தார். 1946-ல் உறவை முறிப்பதாகச் சொல்லிவிட்டு, 1947-ல் அதே மூன்று கைகளோடு 8என் டிராக்டரைத் தாங்களே விற்க ஆரம்பித்தார்கள். ஃபெர்குசனுக்கு அமெரிக்காவில் விற்க வண்டியே இல்லை. 1948-ல் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952-ல் சமரசமாகக் கிடைத்தது 92.5 லட்சம். அதுவும் காப்புரிமைக்கான ராயல்டிதான், இழந்த வியாபாரத்துக்கு ஒன்றுமில்லை. எழுதிப் பதிந்திருந்த காப்புரிமை காசானது, கைகுலுக்கல் ஆகவில்லை. எனக்கென்னவோ பேரன் மேல்தான் கோபம் வருகிறது.

மறு ஆண்டே ஃபெர்குசனின் தொழில் மாஸி-ஹாரிஸோடு இணைந்தது. பின்னாளில் மாஸி ஃபெர்குசன் என்று பெயர் பெற்ற அந்த கம்பெனியின் கூட்டில்தான் 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கியது.

காப்புரிமைகள் காலாவதியாக ஆக, மற்ற கம்பெனிகளும் அந்த மூன்று கைகளையே வைத்தன. அளவுகளும் பொதுவாயின. கீழ்க்கை பின் 22 மில்லிமீட்டர் என்றால் கேட்டகரி ஒன்று, 28 என்றால் இரண்டு. குவிக் ஹிட்ச் வாங்குகிறவர் இதை அளந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. இன்னொன்று, சட்டம் நடுவில் வருவதால் கருவி சில அங்குலம் பின்னால் தள்ளிப்போகும். ரோட்டவேட்டர் ஓட்டுபவர்கள் பிடிஓ ஷாஃப்ட் நீளம் போதுமா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.